போட்டோ பிரிண்டர்ல கலர் மாறி வருதா?

கேஆர்பி டேம்ல எடுத்த ஃபேமிலி போட்டோவ வீட்ல பிரிண்ட் போட்டேன், எல்லார் மூஞ்சியும் பாசி புடிச்ச மாதிரி பச்சையா வந்துச்சு. ஃபைல்ல தப்பில்ல, மெஜந்தா, அதாவது அடர் ரோஸ் இங்க், வரல அவ்ளோதான். இதே சயான், அதாவது வெளிர் நீல இங்க், அடைச்சா செவப்படிக்கும், மஞ்சள் நின்னா ஊதாவா வரும்.

அதனால இங்க் வாங்க ஓடாதீங்க, பிரிண்டரோட மெயின்டனன்ஸ் மெனுல நாசில் செக் (இங்க் வர்ற சின்ன ஓட்டைங்க அடைச்சிருக்கான்னு பாக்குற டெஸ்ட் பிரிண்ட்) போடுங்க, சாதா பேப்பர் போதும். கோடு எங்கயாச்சும் விட்டு விட்டு வந்தா ஹெட் கிளீனிங் ஒரு தடவ குடுத்துட்டு திரும்ப செக் பண்ணுங்க, ரெண்டு மூணு தடவைக்கு மேல விடாம அடிக்காதீங்க, இங்க்தான் வீணாகும், பேசாம ஒரு ராத்திரி அப்படியே விட்டுட்டு காலைல பாருங்க. எனக்கு அப்படித்தான் சரியாச்சு.

நாசில் சுத்தமா இருந்தும் கலர் சரியில்லன்னா பேப்பர் டைப் பாருங்க. கிளாஸி பேப்பர வச்சுட்டு செட்டிங்ல பிளெயின்னு விட்டிருப்பீங்க. அடுத்தது, போட்டோ சாஃப்ட்வேரும் பிரிண்டர் டிரைவரும் (கம்ப்யூட்டர்ல பிரிண்டர இயக்குற புரோகிராம்) ரெண்டுமே கலர திருத்துனா மூஞ்சி தக்காளி ஆயிடும், ஒண்ண ஆஃப் பண்ணுங்க.

நம்ம கிருஷ்ணகிரி வெயில்ல சும்மா கெடந்தா இங்க் சீக்கிரம் காயும், வாரம் ஒரு கலர் பக்கமாச்சும் போடுங்க.