ஒரு பரோக் மினுவெட்டின் வேகம், சுருதி, மனநிலை: காதாலேயே கண்டுபிடிப்பது எப்படி?

மினுவெட் என்பது பரோக் காலத்தில் (சுமார் 1600-1750) ஐரோப்பாவில் ஆடிய மூன்று எண்ணிக்கை நடனம்; அதற்கான இசைக்கும் அதே பெயர். பியானோ கற்பவர்கள் பெரும்பாலும் முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே வாசித்துவிடும் ஜி மேஜர் மினுவெட்டை எடுத்துக்கொள்வோம். இணையத்தில் தேடினால் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் பெயரோடுதான் பெரும்பாலும் கிடைக்கும். உண்மையில் எழுதியவர் டிரெஸ்டன் நகரத்து ஆர்கன் கலைஞர் கிறிஸ்டியான் பெட்ஸோல்ட். பாக்கின் இரண்டாம் மனைவி அன்னா மக்தலேனாவின் 1725ஆம் ஆண்டு இசை நோட்டில் பெயர் போடாமல் எழுதி வைத்திருந்ததால் பாக் கணக்கில் சேர்ந்துவிட்டது. 1970களில்தான் விஷயம் தெளிவானது. அதே நோட்டில் இதற்கு ஜோடியாக ஜி மைனரில் ஒரு மினுவெட்டும் இருக்கிறது. அதுவும் பெட்ஸோல்டுடையதே. நடனமும் ஆதார ஸ்வரமும் ஒன்றாக இருக்க, மேஜர், மைனர் என்ற ஸ்வர வரிசை மட்டும் மாறுவதால் ஒப்பிட்டுக் கேட்க இதைவிட நல்ல ஜோடி கிடைப்பது கடினம். தேடுவதற்கான எண்கள் (பாக் படைப்புப் பட்டியலின் பிற்சேர்க்கையில் உள்ளவை): பி.டபிள்யூ.வி. அன்ஹாங் 114, 115.

படி 1: மூன்று அல்ல, ஆறு எண்ணுங்கள்

மேஜர் மினுவெட்டைப் போட்டுவிட்டுத் தொடையில் தட்டுங்கள். ஒன்று-இரண்டு-மூன்று என்று உடனே பிடிபடும். அதோடு நிறுத்திவிடாதீர்கள். மினுவெட் ஆடியவர்களின் அடிப்படை அடவு ஆறு எண்ணிக்கை கொண்டது. நான்கு முறை கால் வைப்பதை அந்த ஆறுக்குள் முடிப்பார்கள். ஆகவே இசையும் இரண்டிரண்டு பாராகவே (மூன்று எண்ணிக்கை சேர்ந்தது ஒரு பார்) நடக்கிறது. வலது கை முதல் பாரில் டி-யில் தொடங்கி ஜி, ஏ, பி, சி என்று ஏறுகிறது. அடுத்த பாரில் டி, ஜி, ஜி என்று நிலைகொள்கிறது. அந்த ஆறும் சேர்ந்துதான் ஒரு மூச்சு. இப்போது ஆறுக்கு ஒரு தட்டு மட்டும் போட்டுக் கேட்டுப் பாருங்கள், பாட்டு லேசாகிவிடும்.

படி 2: வேகத்தை அளவிடுங்கள்

மெட்ரோனோம் (வேகத்தைத் தட்டிக் காட்டும் கருவி) ஆப்பில் 'டேப்' வசதி இருக்கும். ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒரு தட்டு தட்டினால் நிமிடக் கணக்கைக் காட்டும். மெல்ட்ஸெல் மெட்ரோனோமுக்குக் காப்புரிமை வாங்கியதே 1815இல்தான். அதற்கு முன்பு வேகத்தை எப்படிக் குறித்தார்கள்? பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக்குக்குப் புல்லாங்குழல் கற்பித்த குவான்ட்ஸ், 1752இல் வெளியிட்ட நூலில் நாடித் துடிப்பையே அளவாக வைத்தார். நிமிடத்துக்கு 80 துடிப்பு. மினுவெட்டில் ஒரு துடிப்புக்கு இரண்டு எண்ணிக்கை. அதாவது 160.

பாடமாகப் பதிவு செய்யப்பட்டவை பல இதைவிட மிக மெதுவாக இருக்கும். என் காதுக்கு 130-140 போதும். நூறுக்குக் கீழே போனால் ஆடுகிறவர் ஒற்றைக் காலில் காத்து நிற்க வேண்டியதுதான்.

படி 3: சுருதியைப் பிடியுங்கள்

கடைசி ஸ்வரத்தைக் கேட்டு, அதையே முனகிக்கொண்டு கீபோர்டில் தேடுங்கள். ஜி கிடைக்கும். அதை ஷட்ஜமாக வையுங்கள். அந்தர காந்தாரம் (பி) கேட்டால் மேஜர், சாதாரண காந்தாரம் (பி ஃபிளாட், அதாவது அரை ஸ்தானம் இறக்கிய பி) கேட்டால் மைனர். கர்நாடக இசைப் பழக்கம் உள்ளவர்களுக்கு மேஜர் என்பது சங்கராபரணத்தின் ஸ்வர வரிசைதான். மைனரை மட்டும் நடபைரவி என்று முடிவுகட்டிவிட வேண்டாம். எஃப் ஷார்ப் (அரை ஸ்தானம் உயர்த்திய எஃப்) வந்து விழும் இடங்களில் கீரவாணியின் சாயல் தெரியும்.

இரண்டு இடங்களில் ஏமாறலாம். மேஜர் மினுவெட்டின் பிற்பாதியில், 20ஆவது பாரில் சி ஷார்ப் நுழைந்து, 24ஆவது பாரில் இசை டி-யில் வந்து நிற்கும். சுருதி மாறிவிட்டதோ என்று தோன்றும். எட்டே பாரில் ஜி-க்குத் திரும்பிவிடும். இன்னொன்று, பழைய பாணி ஹார்ப்சிகார்டில் செய்த பதிவுகள். இவற்றில் ஏ ஸ்வரத்தைப் பெரும்பாலும் 440க்குப் பதில் 415 ஹெர்ட்ஸில் வைப்பார்கள். அதனால் எல்லாமே அரை ஸ்தானம் இறங்கி, ஆப் 'எஃப் ஷார்ப்' என்று காட்டும். தாளில் இருப்பது ஜி-தான்.

படி 4: மனநிலையை எழுதுங்கள்

இரண்டையும் கேட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு சொல் எழுதிக்கொள்ளுங்கள். மைனருக்கு 'சோகம்' என்றுதான் பலரும் எழுதுவார்கள். அந்தக் காலத்தவர் எழுதியது வேறு. பிரெஞ்சு இசைக் கலைஞர் ஷார்பான்தியே 1690 வாக்கில் தந்த பட்டியலில் ஜி மேஜர் 'இனிய மகிழ்ச்சி', ஜி மைனர் 'தீவிரம், கம்பீரம்'. ஹாம்பர்கின் இசை எழுத்தாளர் மாத்தேசன் 1713இல் ஜி மைனரை ஏறக்குறைய எல்லாவற்றிலும் அழகான சுருதி என்றார். மினுவெட் என்ற நடனத்துக்கே 1739இல் அவர் கொடுத்த குணம் 'மிதமான உற்சாகம்'.

இந்தப் பட்டியல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை, வேதவாக்காகவும் எடுக்க வேண்டியதில்லை. ஒரு சோதனை மட்டும் செய்யுங்கள்: மைனர் மினுவெட்டை மேஜருக்கு வைத்த அதே வேகத்தில் கேளுங்கள். சோகம் பெருமளவு கரைந்து, நிமிர்ந்து நடக்கும் ஒரு மிடுக்கு வரும். அழுகையாகக் கேட்டதில் பாதி, வாசிப்பவர் வேகத்தைக் குறைத்ததால் வந்தது. மனநிலையை முதலில் முடிவுசெய்துவிட்டு வேகத்தை அதற்கேற்ப வளைக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். முதலில் கால், பிறகு சுருதி, கடைசியில்தான் மனநிலை.

படி 5: தாளத்தை மாற்றிக் கேளுங்கள்

1965இல் 'தி டாய்ஸ்' என்ற அமெரிக்கக் குழு இதே மேஜர் மெட்டை நான்கு எண்ணிக்கைக்கு மாற்றி 'எ லவ்வர்ஸ் கான்செர்ட்டோ' என்று பாடிப் பெரிய வெற்றி கண்டது. ஸ்வரங்கள் பெரும்பாலும் அவைதான், மினுவெட்டைத்தான் காணோம்.

அடுத்ததாக, இசையமைப்பாளர் ஹாண்டெலின் டி மைனர் சாரபாண்ட் என்ற மெதுவான நடன இசை (ஹாண்டெல் படைப்புப் பட்டியலில் எச்.டபிள்யூ.வி. 437). அதுவும் மூன்று எண்ணிக்கைதான். ஆனால் குவான்ட்ஸ் கணக்கில் சாரபாண்டுக்கு எண்ணிக்கை ஒன்றுக்கு ஒரு நாடித் துடிப்பு, அதாவது 80. அங்கே ஆறு எண்ண வேண்டாம். இரண்டாவது எண்ணிக்கையில் அழுத்தம் எப்படி விழுகிறது என்று கவனித்துக்கொண்டே தட்டுங்கள்.