ஐஸ்லாந்துக்கு வந்திருக்கிறீர்களா? 'ரொம்ப'வை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

நான் வந்த முதல் குளிர்காலத்தில், வேலை செய்த சமையலறையில் ஓர் அக்கா ஆட்டிறைச்சி சூப் ஊற்றிக் கொடுத்தார். க்யோத்சூபா என்பார்கள். கைகள் விறைத்திருந்த நேரத்தில் ஆவி பறக்கும் கிண்ணம் கிடைத்த சந்தோஷத்தில், 'ஓவ் ஹெய்த்!' என்றேன். நல்ல சூடு என்று பாராட்டுவதாக எனக்கு நினைப்பு. அவரோ முகம் வாடி, கிண்ணத்தை வாங்கி ஜன்னலோரம் ஆற வைத்துவிட்டார்.

ஐஸ்லாந்து மொழியில் 'ஓவ்' என்றால் அளவுக்கு மீறியது. நான் சொல்லியிருக்க வேண்டியது 'ம்யோக் ஹெய்த்'. நமக்கு இரண்டுக்கும் 'ரொம்ப' ஒன்றே போதும். ரொம்ப சூடா இருக்கு என்றால் நல்லதா கெட்டதா என்பதைக் குரலே சொல்லிவிடும். இங்கே அப்படி இல்லை. ஆங்கிலத்திலும் இதே சிக்கல்தான். நம் ஊர் வழக்கப்படி 'டூ குட்' என்று பாராட்டினால், எது அதிகமாகிவிட்டது என்று யோசிப்பார்கள். பாராட்ட 'வெரி', 'ம்யோக்'. குறை சொல்ல 'டூ', 'ஓவ்'. குறை பெரிதென்றால் 'அல்த் ஓவ்'. பெட்டி தூக்க முடியாத கனம், வேலை நேரம் உடம்பு தாங்காத நீளம் என்றால் தயங்காமல் இந்தச் சொல்லையே சொல்லுங்கள்.

வலிக்கும் இதுதான். மருத்துவ ஆலோசனைக்கு 1700 என்ற எண்ணில் பேசும்போது, சங்கோஜப்பட்டு 'கொஞ்சம் வலிக்குது' என்று சொல்லாதீர்கள். தாங்க முடியாத வலியென்றால் 'ஓபைரிலெகுர்' என்றே சொல்லுங்கள், ஆங்கிலத்தில் 'அன்பேரபிள்'. உயிருக்கு ஆபத்தென்றால் யோசிக்காமல் 112.

இனி, நமக்குப் பழகிய இடத்துக்கு வருவோம். 'பயங்கரமா நல்லா இருக்கு' என்கிறோம் இல்லையா? இவர்களும் அப்படித்தான். 'ஓக்யெத்ஸ்லெகா' என்ற சொல்லின் வேரில் இருப்பது அருவருப்பு. ஆனால் இளைஞர்கள் சாப்பாட்டைப் பார்த்து 'ஓக்யெத்ஸ்லெகா கோத்' என்றால் செம ருசி என்று பொருள். 'வொதா'வின் வேரில் ஆபத்து இருக்கிறது. பேச்சில் அதுவும் 'ரொம்ப'தான். அதே பொருளில் 'ரொசலெகா' எங்கும் செல்லும். அலுவலகக் கடிதத்தில் மட்டும் 'ம்யோக்' போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது முன்னொட்டுகள். புத்தம்புதியது, கன்னங்கரேல் என்று நாம் சொல்லை இரட்டித்து அழுத்தம் கொடுக்கிறோம். இவர்கள் முன்னால் ஒரு பொருளை ஒட்டுகிறார்கள். 'கோல்' என்றால் கரி, 'கோல்ஸ்வார்துர்' என்றால் கன்னங்கரேல். நெருப்பை ஒட்டினால் 'எல்த்காமட்ல்', மிகப் பழையது. நாயை ஒட்டினால் 'ஹுண்ட்லெய்தின்லெக்த்', சகிக்க முடியாத சலிப்பு. கல்லை ஒட்டினால் 'ஸ்டெய்ன்சோவாண்டி', அடித்துப்போட்டது போன்ற தூக்கம். மழையில் தொப்பலாக நனைந்து வந்தால் ஆண் 'ரென்ப்ளோய்துர்', பெண் 'ரென்ப்ளோய்த்'. 'ஸ்கீத்கல்த்' என்பதும் காதில் விழும். கடுங்குளிர் என்று அர்த்தம். முன்னால் இருப்பது மலத்தைக் குறிக்கும் சொல். அதனால் கூட வேலை செய்பவர்களிடம் சொல்லலாம், மேலதிகாரியிடம் வேண்டாம். இதில் நாலைந்து சொற்களை நீங்கள் சொல்லிக் கேட்டால் இங்குள்ளவர்கள் முகம் மலர்ந்துவிடும், பாருங்கள்.

ஆனால் வானிலை அறிக்கையில் வருவது மிகைப்பேச்சு இல்லை. அங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் அளவு உண்டு. காற்று நொடிக்கு 20.8 மீட்டரைத் தொட்டால் 'ஸ்டோர்முர்', 24.5 என்றால் 'ரோக்', 28.5 என்றால் 'ஓவ்சவெதுர்', 32.7க்கு மேல் 'ஃபௌர்வித்ரி'. கடைசியது நம் கணக்கில் மணிக்கு சுமார் 118 கிலோமீட்டர். எச்சரிக்கை நிறங்கள் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. மஞ்சள்தானே என்று விட்டுவிட வேண்டாம். போகும் பாதையின் நிலவரத்தைப் பார்த்த பிறகு கிளம்புங்கள். ஆரஞ்சு என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

பலத்த காற்றில் கார் நிறுத்தினால், முகப்பு காற்றை எதிர்த்து இருக்கட்டும். பின்னாலிருந்து அடித்தால் கதவு கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விடும். குழந்தையைத் திறக்க விடாமல், நீங்களே இரண்டு கையாலும் பிடித்துத் திறங்கள்.