பழைய தரவு, புதிய கேள்வி: சூழலியல் தொகுப்பாய்வுக்கு நிதி ஒதுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1879 முதல் பதிவாகியிருக்கும் கடற்புல் பரப்பில் 29 சதவீதம் அழிந்துவிட்டது என்று 2009-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டுச் சொன்னது. 1940-க்கு முன் ஆண்டுக்கு 0.9 சதவீதமாக இருந்த இழப்பு, 1990-க்குப் பிறகு 7 சதவீதமாக ஏறியிருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் ஓர் ஆய்வு ஒரு வளைகுடாவைப் பற்றிப் பேசும், இன்னொன்று ஒரு கழிமுகத்தைப் பற்றி. 215 ஆய்வுகளை ஒரே மேசையில் வைத்த பிறகுதான் உலக அளவில் நடப்பது கண்ணுக்குத் தெரிந்தது.

இப்படி ஏற்கெனவே இருக்கும் தரவுகளைத் திரட்டி, புதிய கேள்விக்கு விடை தேடுவதைத் தொகுப்பாய்வு என்கிறோம். சூழலியலில் இதற்கென்றே 1995-இல் அமெரிக்காவின் சாண்டா பார்பராவில் ஒரு தேசிய மையம் தொடங்கினார்கள். கடற்புல் ஆய்வு அங்கே கூடிய பணிக்குழு ஒன்றிலிருந்து வந்ததுதான். பிறகு பிரான்சில் செசாப், ஜெர்மனியின் லைப்சிக் நகரில் எஸ்டிவ் என்ற மையங்கள் வழியாக அதே முறை பரவியது. பத்துப் பதினைந்து பேர் சில நாட்கள் ஓரிடத்தில் கூடி வேலை செய்வார்கள். சில மாதம் கழித்து மறுபடி கூடுவார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிப்பார்கள். படகு வேண்டாம், கூடாரம் வேண்டாம், கருவிகள் வேண்டாம். கள ஆய்வோடு ஒப்பிட்டால் செலவு குறைவுதான். ஆனால் எவ்வளவு குறைவு என்பதில்தான் நிதி கேட்பவரும் கொடுப்பவரும் சேர்ந்தே தப்புக்கணக்குப் போடுகிறார்கள்.

"தரவுதான் இருக்கிறதே, அப்புறம் எதற்குப் பணம்?"

நான் பார்த்த விண்ணப்பங்களில் அதிகம் அடிபடும் தவறு இதுதான். பயணச் செலவு இருக்கும், தங்கும் செலவு இருக்கும், ஒரு கணினிகூட இருக்கும். தரவைச் சுத்தம் செய்ய ஆள் இருக்காது. "பங்கேற்பாளர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள்.

அந்த வேலை என்னவென்று கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். இரண்டு எக்செல் கோப்புகள். இரண்டும் ஏரி மீன்களை எண்ணியவை. முதல் கோப்பில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. அன்று வலை போட்டும் மீன் சிக்கவில்லையா, இல்லை வலையே போடவில்லையா? இரண்டாவது கோப்பில் அதே மாதிரி இடத்தில் 0 இருக்கிறது, நாலு வரிசை தள்ளி, தரவு இல்லை என்பதற்குச் சிலர் போடும் -999 இருக்கிறது. தேதி 03/04 என்று இருக்கிறது. அது ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ? எடை என்ற பத்தியில் அலகு இல்லை. ஒருவர் மீனின் பழைய அறிவியல் பெயரை எழுதியிருக்கிறார், இன்னொருவர் திருத்திய பெயரை எழுதியிருக்கிறார். கவனிக்காமல் இணைத்தால் ஒரே மீன் இரண்டு இனமாகிவிடும், ஏரியின் இன வளம் கூடிவிட்டதாகக் கணினி சொல்லும். அட்சரேகை, தீர்க்கரேகை தெரியாத இடத்தில் யாராவது 0, 0 என்று நிரப்பியிருந்தால், அந்த ஏரி வரைபடத்தில் கினி வளைகுடாவில், நடுக்கடலில் போய் உட்காரும்.

இது இரண்டு கோப்புக்கு. தொகுப்பாய்வில் நூற்றுக்கணக்கான கோப்புகள் வரும். இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் தெரிந்தவர் தரவைச் சேகரித்தவர் மட்டுமே. அவர் ஓய்வுபெற்றிருப்பார், வேலை மாறியிருப்பார், மின்னஞ்சல் முகவரி செத்துப்போயிருக்கும். தாவரங்கள், விலங்குகள் பற்றிய 516 பழைய ஆய்வுக் கட்டுரைகளின் மூலத் தரவைத் தேடிப் போன ஒரு குழு 2014-இல் தன் முடிவை வெளியிட்டது. கட்டுரைக்கு ஒரு வயது கூடக்கூட, அதன் தரவு இன்னும் இருப்பதற்கான வாய்ப்பு விகிதம் 17 சதவீதம் குறைந்துகொண்டே போயிருந்தது.

ஆகவே முழுநேரத் தரவாளர் ஒருவருக்கோ, முனைவர் பட்டம் முடித்த இளம் ஆய்வாளர் ஒருவருக்கோ சம்பளம் ஒதுக்காத திட்டத்துக்கு நிதி கொடுக்க நான் தயங்குவேன். கூட்டத்துக்கு வரும் பேராசிரியர்கள் ஊர் திரும்பியதும் அவரவர் வகுப்புக்குப் போய்விடுவார்கள். இரண்டு கூட்டங்களுக்கு நடுவே உள்ள அந்த ஆறேழு மாதத்தில் வேலையை நகர்த்த ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் இல்லாவிட்டால் இரண்டாவது கூட்டமும் முதல் கூட்டம் விட்ட இடத்திலேயே தொடங்கும். இது நடந்து நான் பார்த்திருக்கிறேன். நல்ல மனிதர்கள், நல்ல கேள்வி, இரண்டு நாள் முழுக்கப் பத்தித் தலைப்புகளைப் பற்றிய பேச்சிலேயே போனது.

கேள்வி இல்லாத திரட்டல்

"இந்தக் கண்டத்தின் எல்லாப் பூச்சித் தரவையும் ஒன்றுசேர்ப்போம்" என்பது ஆசை. அதை வைத்துக்கொண்டு எந்தத் தரவு வேண்டும், எது வேண்டாம் என்று முடிவெடுக்க முடியாது. "இரவு வெளிச்சம் கூடிய இடங்களில் அந்துப்பூச்சிகள் வேகமாகக் குறைந்தனவா?" என்று கேட்டால் உடனே வேலை பிடிபடும்: எத்தனை ஆண்டுத் தொடர் வேண்டும், எந்த வகைப் பொறி, வெளிச்சத்தின் அளவை எங்கே எடுப்பது என்று.

நிதி கொடுப்பவர் தரப்பில் இதற்கு நேர்மாறான தவறு உண்டு. முடிவு என்ன வரும் என்று விண்ணப்பத்திலேயே கேட்பது. தரவுகளை ஒன்றாகப் பார்க்கும்போதுதான் கேள்வி கூர்மையாகும், சில சமயம் திசையே மாறும். கேள்வி தெளிவாக இருக்கிறதா, தேவையான தரவில் கொஞ்சமாவது கைக்கு வந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். "புதிதாக என்ன தரவு சேகரிப்பீர்கள்?" என்ற கட்டத்தைப் பழைய படிவத்திலிருந்து அப்படியே எடுத்துப் போடுவதையும் நிறுத்தலாம்.

தெரிந்தவர்களையே கூட்டுவது

ஒரே துறையில், ஒரே ஆசிரியரிடம் படித்த பன்னிரண்டு பேரை உட்கார வைத்தால் சண்டை வராது, புதிதாக ஒன்றும் வராது. புள்ளியியல் தெரிந்தவர் முதல் நாளிலிருந்தே வேண்டும். தரவு சேகரித்த களத்துக்காரர்களில் சிலராவது நேரில் வேண்டும். குழுவின் கருத்தோடு ஒத்துப்போகாத ஒருவரையும் அழைக்க வேண்டும். இளையவர்களையும், வசதி குறைந்த நாட்டுக்காரர்களையும் அழைத்தால் அதற்கேற்ற செலவையும் எழுத வேண்டும். விசா கிடைக்க மாதங்கள் ஆகும். கைக்குழந்தையோடு வருபவருக்கு உதவி வேண்டும். பயணச் செலவை முதலில் நீங்களே போடுங்கள், பிறகு தருகிறோம் என்றால் பலரால் வர முடியாது. எல்லாவற்றையும் இணையவழிக் கூட்டமாக்கிவிட்டால் மிச்சம் பிடிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். பழகிய குழுவுக்கு இடையிடையே அது சரி. முன்பின் தெரியாதவர்கள் ஒருவர் தரவை ஒருவர் நம்ப, ஒரு முறையாவது நேரில் உட்கார வேண்டும்.

தரவு கொடுத்தவரை அடிக்குறிப்பில் மறப்பது

இதில் எனக்குக் கோபமே வரும். ஒருவர் இருபது மழைக்காலம் சதுப்பில் நின்று தவளைகளை எண்ணியிருப்பார். அவரிடம் ஒரு மின்னஞ்சல், கோப்பு வந்துவிடும், கட்டுரையின் கடைசியில் "நன்றி." அடுத்த முறை அவர் ஏன் கொடுக்க வேண்டும்? யார் ஆசிரியர், யாருக்கு மேற்கோள், பாதி முடிந்த தரவை யார் முதலில் வெளியிடலாம் என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதி வைக்க வேண்டும். நிதி கொடுப்பவர் இதைக் கட்டாயமாக்கலாம். எந்த உயிரினம் எங்கே காணப்பட்டது என்ற பதிவுகளை உலகெங்கும் இருந்து திரட்டி வைக்கும் ஜிபிஃப் (GBIF) போன்ற பொதுத் தளத்திலிருந்து எடுத்தால் ஒவ்வொரு பதிவிறக்கத்துக்கும் தனி அடையாள எண் கிடைக்கும். அதைக் கட்டுரையில் குறிப்பிட்டாலே தரவு வழங்கியவரின் கணக்கில் மேற்கோள் சேரும். செய்ய ஒரு நிமிடம் ஆகாது.

பழங்குடி மக்களின் நிலத்திலிருந்து வந்த தரவானால் அவர்களுடைய ஒப்புதலும் பங்கும் இதற்கு முன்னால் வரும். அரிய ஆர்க்கிட், ஆமை போன்றவற்றின் துல்லிய இடத்தை வெளியிட்டால் திருடர்களுக்கு வழிகாட்டியதாகிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

பெரிய எண்ணைக் கண்டு மயங்குவது

ஜிபிஃப் தளத்தில் 200 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. பிரமிப்பாகத்தான் இருக்கிறது. அதில் பெரும்பங்கு பறவைகள். இடம் என்று பார்த்தால் ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் நிறைந்து கிடக்கின்றன. எண்ணிக்கை கூடினால் இந்தச் சாய்வு கரைந்துபோகாது. தவறான விடை இன்னும் உறுதியான விடைபோலத் தெரியும், அவ்வளவுதான். மொழியிலும் இதே கதை. 2014-இல் வெளியான பல்லுயிர்ப் பாதுகாப்பு ஆவணங்களை எண்ணிப் பார்த்த ஓர் ஆய்வில், 35.6 சதவீதம் ஆங்கிலத்தில் இல்லை. மொழிபெயர்ப்புக்கும், தாளில் கிடக்கும் பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுவதற்கும் பட்ஜெட்டில் ஒரு வரி இருந்தால் இந்த இடைவெளியில் ஒரு பகுதியையாவது அடைக்கலாம்.

முடிவில் தரவும் நிரலும் யாரோ ஒருவரின் மடிக்கணினியில் தங்கிவிடாமல் பொதுக் காப்பகத்தில் சேர வேண்டும். அதற்குக் கடைசி மூன்று மாதச் சம்பளத்தை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.

இன்னொன்று, நிதி நிறுவனங்களுக்கு. தொகுப்பாய்வு மலிவு என்பதற்காகக் களக் கண்காணிப்பின் பணத்தை வெட்டி இதற்குக் கொடுக்காதீர்கள். இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டட்டில் பார்க் கிராஸ் என்ற புல்வெளிச் சோதனை 1856-இல் தொடங்கி இன்றும் நடக்கிறது. ஆண்டுதோறும் புல்லை அறுத்து, காய வைத்து, எடை போட்டு எழுதி வைக்கிறார்கள். அப்படிப்பட்ட தொடரில் ஒரு பத்தாண்டு நின்றுபோனால், பிறகு எவ்வளவு பணம் கொடுத்தாலும் அந்த வரிசைகளை எந்தப் பணிக்குழுவாலும் நிரப்ப முடியாது.