பீஸ் லில்லி துவண்டால் முதலில் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள்

ஒரு நாள் காலையில், வீட்டுக்குள் வளர்க்கும் என் பீஸ் லில்லிச் செடி இலைகளை எல்லாம் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. தாகம்தான் என்று ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினேன். சாயங்காலமும் நிமிரவில்லை, இன்னொரு சொம்பு ஊற்றினேன். நாலாம் நாள் தொட்டியில் கெட்ட வாடை. கவிழ்த்துப் பார்த்தால் வேரெல்லாம் பழுப்பு. ஒன்றைப் பிடித்து இழுத்தேன், தோல் மட்டும் கையோடு உரிந்து வந்தது, உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மிச்சம்.

இந்தச் செடியில் உள்ள வம்பே இதுதான். தண்ணீர் இல்லாமல் வாடினாலும் இப்படித்தான் தொங்கும், தண்ணீர் அதிகமாகி வேர் அழுகினாலும் இப்படித்தான் தொங்கும். அழுகின வேரால் உறிஞ்ச முடியாது. ஈரத்துக்கு நடுவிலேயே இலைக்குத் தாகம். வாரத்துக்கு எத்தனை தடவை ஊற்றணும் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது. வெளிச்சம், காற்று, தொட்டி, மண் எல்லாம் சேர்ந்துதான் அதை முடிவு செய்யும்.

நான் பார்ப்பது எடையைத்தான். 15 செ.மீ. பிளாஸ்டிக் தொட்டியில் இருக்கும் செடியைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். நன்றாக நனைத்து வடியவிட்ட பிறகு 1,350 கிராம். துவண்டு விழும்போது 800. இப்போது 950 வாக்கில் வரும்போதே ஊற்றிவிடுகிறேன். உங்கள் தொட்டிக்குக் கணக்கு வேறாக இருக்கும். பத்து நாள் தூக்கிப் பழகினால் தராசும் வேண்டாம், கைக்கே தெரிந்துவிடும். துவண்ட தொட்டி லேசாக இருந்தால் தண்ணீர் கொடுங்கள், சில மணி நேரத்தில் எழுந்துவிடும். கனமாக இருந்தால் சொம்பைக் கீழே வையுங்கள்.

ஊற்றும்போது மட்டும் கஞ்சத்தனம் கூடாது. அடித்துளை வழியாக வடியும் வரை ஊற்றி, அரை மணி நேரம் கழித்து அடித்தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். துளை இல்லாத அழகுத் தொட்டியில் நேரடியாக நடவே கூடாது.

மண்ணும் ஈரத்தைப் பிடித்துக்கொண்டே காற்றோட்டமும் விட வேண்டும். தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, பெர்லைட் (மண்ணில் காற்றோட்டம் தரும் லேசான வெள்ளைக் கல் துகள்) ஒரு பங்கு, மட்கிய உரம் ஒரு பங்கு என்று கலக்கிறேன். வெறும் தோட்டத்து மண் இறுகிவிடும். தொட்டி மாற்றும்போது பழையதைவிட இரண்டு மூன்று செ.மீ. அகலம் கூடினால் போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும்.

வெளிச்சம் பற்றி ஒரு தகராறு. 'நிழலில் வளரும்' என்று சொல்லித்தான் விற்கிறார்கள். வெப்பமண்டலக் காட்டில் பெரிய மரங்களின் அடியில் வளர்கிற இனம், உண்மைதான். ஆனால் இருண்ட மூலையில் அது வளர்வதில்லை, சாகாமல் இருக்கிறது, அவ்வளவுதான். ஜன்னலிலிருந்து ஓரிரு மீட்டருக்குள், நேர் வெயில் படாத இடம் பாருங்கள். பகலில் விளக்குப் போடாமல் பொடி எழுத்துப் படிக்க முடிந்தால் அந்த இடம் சரி. வெயில் நேராகப் பட்டால் இலை வெளுத்துக் கருகும். 18 முதல் 27 டிகிரி செல்சியஸ் அதற்குச் சுகம். ஏசி காற்று முகத்தில் அடிப்பது ஆகாது.

பூ விஷயத்துக்கு வருவோம். பெயரில்தான் லில்லி, குடும்பம் சேம்புடையது. வெள்ளையாகத் தெரிவது இதழ் இல்லை, மடல், அதாவது உருமாறிய ஒரு இலை. உள்ளே நிற்கும் கதிரில் பொடிப்பொடியாக இருப்பவைதான் நிஜப் பூக்கள். விற்பனைக்கு வளர்ப்பவர்கள் ஜிபரெல்லின் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தெளித்துப் பூக்க வைப்பது வழக்கம். அதனால் வாங்கும்போது நாலைந்து பூ இருந்து, வீட்டில் ஒரு வருடம் ஒன்றுமே வராவிட்டால் குற்ற உணர்ச்சி வேண்டாம். வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டுப் பொறுத்திருங்கள். மடல் பச்சையாக மாறுவது வயதானதன் அடையாளம். காம்பை அடியோடு வெட்டிவிடலாம்.

இலை நுனி பழுப்பானால் பலரும் உரம் போடுகிறார்கள். பெரும்பாலும் உரம் அதிகமானதே காரணமாக இருக்கும், அல்லது தண்ணீரில் உள்ள உப்பு, ஃபுளோரைடு, அடிக்கடி காய்ந்துபோவது. மழைநீர் கிடைத்தால் கொடுங்கள். திரவ உரம் பாதி வீரியத்தில், புது இலை விடும் காலத்தில் ஆறேழு வாரத்துக்கு ஒரு முறை போதும்.

காற்றைச் சுத்தம் செய்யும் என்று வாங்குகிறவர்களுக்கு: அதற்கு ஆதாரமாகச் சொல்லப்படும் நாசாவின் 1989 ஆய்வு சின்ன மூடிய பெட்டிக்குள் நடந்தது. கட்டிடத்துக்குள் வழக்கமாக வந்துபோகும் வெளிக்காற்றுக்கு ஈடாக, தரையில் ஒரு சதுர மீட்டருக்குப் பத்துச் செடியாவது வேண்டும் என்று 2019-ல் வந்த மறுஆய்வு கணக்குப் போட்டது. அழகுக்காக வளருங்கள். பூனை, நாய், தவழும் குழந்தை இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள். சேம்பைப் போலவே இதிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் உண்டு. கடித்தால் வாய் எரிந்து வீங்கும்.

அழுகின என் செடியை என்ன செய்தேன் என்றால், மண்ணை முழுக்கக் கழுவினேன். பழுப்பு வேர்களைச் சுத்தமான கத்தரியால் நறுக்கினேன். அடியில் ஐந்து குருத்துகள் இருந்தன. வெள்ளை வேர் ஒட்டியிருந்த இரண்டை மட்டும் பிரித்து, பெரிய இலைகளைக் குறைத்து, ஒரு சின்னத் தொட்டியில் புதுக் கலவையில் நட்டேன். மூன்று வாரம் அசைவே இல்லை. பிறகு ஒரு இலை சுருட்டிக்கொண்டு வந்தது. அந்த இரண்டு குருத்துகள்தான் இப்போது 950 கிராமுக்கு வந்ததும் தண்ணீர் கேட்கிற செடி.