பழைய புல்லட், யெஸ்டி வாங்கும் முன்: ஃப்ரேம் மாற்றியதா என்று பார்ப்பது எப்படி?

பாம்பன், மண்டபம், தொண்டி பக்கம் பழைய வண்டி விலைக்கு வந்தால், எஞ்சின் சத்தத்தில் மயங்காமல் முதலில் ஃப்ரேமை, அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தைப் பாருங்கள். உப்புக்காற்று அரிக்கிற கரையில் ஃப்ரேம் மாற்றுவது சகஜம், தப்பும் இல்லை. மாற்றியதை ஆர்.சி. புக்கில் ஏற்றாமல் விட்டால்தான் வில்லங்கம்.

1. அசல் ஆர்.சி.யைக் கேளுங்கள், ஜெராக்ஸ் வேண்டாம். சேசிஸ் நம்பர் (ஃப்ரேமில் குத்தியிருக்கும் எண்), எஞ்சின் நம்பர், தயாரிப்பு வருடம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. இந்த வண்டிகளில் ஹேண்டில்பார் திரும்பும் கழுத்துக் குழாயில் சேசிஸ் நம்பரைத் தேடுங்கள். மண்ணெண்ணெய் தொட்ட பழைய பிரஷ்ஷால் துடைத்தால் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால், நம்பரை அழிக்கப் பார்த்த பழி உங்கள் மேல் விழும். அப்புறம் மெல்லிய தாளை வைத்து பென்சிலால் உரசுங்கள், அச்சு அப்படியே விழும். நம்பரே இல்லையென்றால் திருட்டு வண்டி என்று உடனே முடிவு கட்டாதீர்கள். ஸ்பேராக விற்ற ஃப்ரேம்களில் நம்பர் குத்தாமல் வந்தவையும் உண்டு. 1960, 70-களின் வண்டியில் 17 இலக்க நம்பர் இருந்தால் அந்த ஃப்ரேம் பிற்காலத்தது.

3. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். நம்பரைச் சுற்றி மட்டும் இரும்பு பள்ளமாக இருக்கிறதா? கிரைண்டர் கீறல், கோணல்மாணலான எழுத்து தெரிகிறதா? அப்படியென்றால் பழைய நம்பரை அழித்து வேறு குத்தியிருக்கலாம். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருப்பார்கள்.

4. நம் ஊருக்கென்றே உள்ள சோதனை, துருவை ஒப்பிடுவது. மீன் பெட்டி கட்டி ஓடிய வண்டி என்றால் ஐஸ் தண்ணீர் சொட்டிச் சொட்டி சீட்டுக்குக் கீழே பின்பக்கக் குழாயும் மட்கார்டு போல்ட்டுகளும்தான் முதலில் போகும். ஸ்டாண்டு, பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்ம், பேட்டரித் தட்டு எல்லாம் செதில் செதிலாக உதிரும்போது நடுவில் ஃப்ரேம் மட்டும் வழவழவென்று இருந்தால், அது வேறு வண்டியிலிருந்து வந்திருக்கலாம். பவுடர் கோட்டிங்கும் (பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கும் பெயிண்ட்) இப்படி ஏமாற்றும். அதனால் பெயிண்ட் மூடாத போல்ட் ஓட்டைகளுக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். பின்பக்கம் மட்டும் வெட்டி ஒட்டிய வெல்டிங் தெரிந்தால் அது பெரும்பாலும் ரிப்பேர்தான், முழு மாற்றல்ல. எனக்கு அப்படிப்பட்ட வண்டியில் ஆட்சேபணை இல்லை, விலையைக் குறைத்தால் சரி.

5. ஃப்ரேமில் உள்ள நம்பர் ஆர்.சி.யோடு பொருந்தவில்லையா? ஃப்ரேம் வாங்கிய பில்லைக் கேளுங்கள். பில் இருந்தாலும், அட்வான்ஸ் கொடுக்கும் முன் விற்பவரையும் கூட்டிக்கொண்டு ராமநாதபுரம் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய், புது நம்பரை ஆர்.சி.யில் ஏற்ற முடியுமா என்று விசாரியுங்கள். வர மறுத்தால் வண்டியை விட்டுவிடுங்கள்.