எரிவாயு டர்பைனை ஹைட்ரஜனில் இயக்குவது எப்படி?

இயற்கை எரிவாயுவில் ஓடும் டர்பைனை ஹைட்ரஜனுக்கு மாற்ற எண்ணுவோர் எரிபொருள் கணக்கிலிருந்தே தொடங்க வேண்டும். பிரான்சின் சையா-சூர்-வியென் ஊரில் உள்ள காகித ஆலையில், சீமென்ஸ் எனர்ஜியின் 12 மெகாவாட் வகை டர்பைன் ஒன்று 2023 அக்டோபரில் முழுக்க ஹைட்ரஜனில் இயக்கிக் காட்டப்பட்டது. அந்த அளவுள்ள டர்பைன், எரிபொருளின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக மின்சாரமாக்கும் என்று கொண்டால், முழுத்திறனில் ஒரு மணி நேரம் ஓடுவதற்கு ஏறத்தாழ 1 டன் ஹைட்ரஜன் தேவைப்படும். அந்த 1 டன்னை நீரை மின்பகுத்துப் பெற 50 முதல் 55 மெகாவாட் மணி மின்சாரம் செலவாகும். செலவிட்டதில் நான்கில் ஒரு பங்குகூட முழுதாகத் திரும்பாது. வெளியேறும் வெப்பத்தைக் கொண்டு நீராவி டர்பைனையும் ஓட்டும் பெரிய நிலையங்களில் இது ஐந்தில் இரண்டு பங்கை நெருங்கலாம்.

ஆகவே காற்றாலை, சூரிய மின்சாரம் மிஞ்சும் காலத்தில் சேமித்து, அவை குறையும் காலத்தில் எரிப்பதற்கே இம்முறை பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து டெல்டாவில், 840 மெகாவாட் நிலையத்துக்கான ஹைட்ரஜனை நிலத்தடி உப்புப் படிவத்தில் குடைந்த குகைகளில் சேமிக்கத் திட்டமிட்டதற்கு இதுவே காரணம்.

அடுத்து, இயற்கை எரிவாயுவுடன் ஹைட்ரஜனைக் கலக்கும் விகிதத்தை முடிவு செய்யுங்கள். ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் தரும் வெப்பம், இயற்கை எரிவாயுவின் முக்கியக் கூறான மீத்தேன் அதே கன அளவில் தருவதில் மூன்றில் ஒரு பங்கைவிடக் குறைவு. அதனால் கன அளவில் 30 சதவீதம் கலந்தாலும் கரியமில வாயு சுமார் 11 சதவீதமே குறையும். அறிவிப்புகளில் காணும் சதவீதம் கன அளவைக் குறிக்கிறதா, வெப்பத்தைக் குறிக்கிறதா என்று கேட்டறியாமல் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திட வேண்டாம்.

பெரும் கவனத்தைக் கோருவது, எரிபொருளைக் காற்றுடன் கலந்து எரிக்கும் பாகமான பர்னர். ஹைட்ரஜன் சுடர் மீத்தேன் சுடரைவிடப் பல மடங்கு வேகமாகப் பரவுவதால், எரிபொருளும் காற்றும் முன்கூட்டியே கலக்கும் பகுதிக்குள் அது பின்னோக்கிப் பாய்ந்து பர்னரையே உருக்கிவிடக்கூடும். சுடரின் வெப்பநிலையும் அதிகம் என்பதால், காற்றை மாசுபடுத்தும் நைட்ரஜன் ஆக்சைடுகள் கூடும். ஜப்பானின் கோபே நகரில் 2018-ல் முழுக்க ஹைட்ரஜனில் ஓடிய 1 மெகாவாட் வகை டர்பைனில், எரியறைக்குள் நீரைச் செலுத்தி வெப்பத்தைத் தணித்தார்கள்; அதனால் செயல்திறன் சற்றுக் குறைந்தது. பின்னர் 2020-ல், மிக நுண்ணிய துளைகள் வழியே எரிபொருளைச் செலுத்திச் சிறு சிறு சுடர்களாக எரிக்கும் பர்னரை அங்கேயே சோதித்தார்கள். புதிதாகத் தொடங்குவோர், தங்கள் டர்பைன் மாதிரிக்கென உற்பத்தியாளர் சோதித்துச் சான்றளித்த பர்னரை மட்டுமே பொருத்த வேண்டும்.

குழாய்களும் வால்வுகளும் ஏறத்தாழ மூன்று மடங்கு கன அளவைக் கடத்த வேண்டியிருக்கும். சில வகை எஃகு ஹைட்ரஜனால் நொறுங்கும் தன்மை பெறும். இணைப்புகளின் நுண்ணிய இடைவெளிகளிலும் வாயு கசியும். காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை இருந்தால் அது தீப்பற்றும். மணமில்லை, பகலில் சுடரும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே கசிவு உணர்கருவிகளையும் புறஊதா ஒளியை உணரும் தீ உணர்கருவிகளையும் கட்டாயம் நிறுவ வேண்டும்.

இயக்கத்தைப் பொறுத்தவரை, இயற்கை எரிவாயுவில் தொடங்கிச் சுமை நிலைபெற்றபின் ஹைட்ரஜனைப் படிப்படியாகக் கூட்டுவதே பாதுகாப்பான வழி. நிறுத்தும்போது எரிபொருள் குழாயை நைட்ரஜனால் கழுவுங்கள். மீண்டும் பற்றவைக்கும் முன் டர்பைனிலும் புகைபோக்கிப் பாதையிலும் காற்றை ஓடவிட்டுத் தங்கிய வாயுவை வெளியேற்றுங்கள்.

புகையை அளக்கும்போது ஒரு நுணுக்கம் உண்டு. ஹைட்ரஜன் புகையில் நீராவி மிகுதி. ஈரத்தை நீக்கிவிட்டு அளப்பதே வழக்கம் என்பதால், உண்மையில் வெளியேறும் நைட்ரஜன் ஆக்சைடு கூடாதபோதும் அதன் செறிவு கூடியதாகக் காட்டும். எனவே ஒரு மெகாவாட் மணிக்கு எத்தனை கிராம் என்ற கணக்கையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள்.