கன்னியாகுமரி: வள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் முதல்முறை போகிறவர்களுக்கு

படி 1: சீக்கிரம் வரிசையில் நில்லுங்கள்

சூரிய உதயம் பார்த்த கூட்டம் டிபன் சாப்பிடப் போகும். நீங்கள் நேராகப் படகுத்துறைக்குப் போய்விடுங்கள். பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகுகள் வழக்கமாகக் காலை 8 மணிக்குக் கிளம்பத் தொடங்கும். சிறப்பு டிக்கெட் எடுத்தால் காத்திருப்பு குறையும், ஆனால் விலை பல மடங்கு. வார நாளில் அது வீண் செலவு என்பேன். காற்று பலமானாலோ கடல் உள்வாங்கினாலோ படகை நிறுத்திவிடுவார்கள், அதனால் ஊர் திரும்பும் ரயிலை அன்று மதியத்துக்கே போட்டு வைக்காதீர்கள்.

படி 2: முதலில் விவேகானந்தர் பாறை

லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு சில நிமிடப் பயணம், அவ்வளவுதான். இறங்கியதும் செருப்பைக் கழற்றி வைக்க வேண்டும். வெயில் ஏறினால் கருங்கல் தரை காலைச் சுடும். காலையிலேயே வரச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். 1892 டிசம்பரில் விவேகானந்தர் தியானம் செய்த இடம் இது. ஏக்நாத் ரானடே முன்னின்று எழுப்பிய நினைவு மண்டபம் 1970இல் திறக்கப்பட்டது. எதிரிலுள்ள ஸ்ரீபாத மண்டபத்தில் குமரி அம்மனின் பாதச்சுவடாக வணங்கப்படும் தடம் இருக்கிறது. கீழேயுள்ள தியான மண்டபத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் உட்காருங்கள், போனை அணைத்துவிட்டு.

இங்கிருந்தே வள்ளுவரைப் படம் எடுத்துவிடுங்கள். பக்கத்தில் போனால் முழு உருவம் கேமராவில் அடங்காது.

படி 3: பாலத்தில் நடங்கள்

முன்பெல்லாம் சிலைக்கும் படகில்தான் போக வேண்டும். கடல் சரியில்லாத நாளில் வள்ளுவரைத் தூரத்திலிருந்து கும்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். 2024 டிசம்பர் 30இல் பாறையையும் சிலையையும் இணைக்கும் 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு அந்தக் கவலை இல்லை. உயரம் பயமென்றால் கீழே பார்க்காமல் நேரே சிலையைப் பார்த்தே நடக்கலாம்.

படி 4: வள்ளுவரை அளந்து பாருங்கள்

மொத்தம் 133 அடி, அதிகாரத்துக்கு ஓர் அடி. பீடம் 38 அடி, அது அறத்துப்பால். அதன்மேல் நிற்கும் உருவம் 95 அடி, பொருளும் இன்பமும் சேர்ந்த கணக்கு. சிற்பி கணபதி ஸ்தபதி. 2000 ஜனவரி 1இல் திறந்தார்கள். இடுப்பில் லேசான வளைவு இருக்கும், தவறவிடாதீர்கள். பீடத்துக்குள் சுவரில் குறள்கள் செதுக்கியிருக்கிறார்கள்; வாசித்துக்கொண்டே படியேறினால் பாதத்தருகே வந்துவிடலாம். முட்டிவலி உள்ளவர்கள் நிதானமாக ஏறுங்கள், படிகள் நூற்றுக்கு மேல்.

கரைக்குத் திரும்பிய பிறகு நேரமிருந்தால் காந்தி மண்டபம் பக்கத்திலேயே இருக்கிறது. நடந்தே போகலாம், ஆட்டோ வேண்டாம்.